25 பவுண்டுக்கு வாங்கிய எஞ்சின்கள்

வேல்ஸ் நாட்டில் மக்கன்லெத் என்றொரு சிற்றூர். அங்கிருந்து மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்த காரிஸ் என்ற குட்டி ரயில் பாதை 1948 ஆகஸ்டில் மூடப்பட்டது. டவி ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தை அண்டிய கரையை அரித்துக்கொண்டிருந்தது. அதைச் செலவு செய்து காப்பாற்ற பிரிட்டிஷ் ரயில்வேக்கு மனமில்லை. நாட்டின் ரயில்வேக்களையெல்லாம் அரசு கையில் எடுத்துக்கொண்ட ஆண்டு அது. இப்படிப்பட்ட ஒரு பொடிப் பாதையை நினைத்துப் பார்க்க யாருக்கு நேரம்? தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். இரண்டு நீராவி எஞ்சின்கள் மட்டும் விலைபோகாமல் மக்கன்லெத் நிலையத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன.

விலைபோகாததற்குக் காரணம் இருந்தது. காரிஸ் பாதையின் தண்டவாள அகலம் 2 அடி 3 அங்குலம், அதாவது 686 மில்லிமீட்டர். நம் ஊட்டி மலை ரயிலின் மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் பிராட் கேஜ் 1,676. அவற்றோடு வைத்துப் பார்த்தால் இந்த எஞ்சின்கள் எவ்வளவு சிறியவை என்பது புரியும். அப்போது பிரிட்டனில் அதே அகலத்தில் ஓடிக்கொண்டிருந்த பொது ரயில் பாதை ஒன்றே ஒன்றுதான். அதுவும் அதே வட்டாரத்தில், கடற்கரை ஊரான டொவினிலிருந்து மலைக்குள் போகும் டாலிலின் ரயில். 1951இல் அந்த ரயிலைக் காப்பாற்றக் கிளம்பிய ஒரு கூட்டம் வந்து, எஞ்சினுக்கு 25 பவுண்டு வீதம் கொடுத்து இரண்டையும் வாங்கிப் போனது. இன்று அவை சர் ஹெய்டன், எட்வர்ட் தாமஸ் என்ற பெயர்களில் அதே டாலிலின் பாதையின் எஞ்சின்கள்.

உலகத்தில் முதன்முதலாகத் தன்னார்வலர்கள் கையில் எடுத்து நடத்திய ரயில் பாதை இது. அதன் கடற்கரை நிலையமான டொவின் வார்ஃபில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது: குறும்பாதை ரயில் அருங்காட்சியகம். உள்ளே அசையாமல் நிற்கும் எஞ்சின்கள். வெளியே நடைமேடையில் புகை கக்கிக்கொண்டு புறப்படும் எஞ்சின்கள். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க முடிவதுதான் இந்த ஊரின் தனிச்சிறப்பு.

டாலிலின் பாதை பிறந்த கதைக்கும் பருத்திக்கும் தொடர்பு உண்டு. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் மான்செஸ்டர் நூற்பாலைகளுக்குப் பஞ்சு வருவது நின்றுபோனது. நம் திருநெல்வேலிப் பருத்திக்கு அங்கே திடீரென்று கிராக்கி ஏற்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். மான்செஸ்டரில் பெரிய ஆலை வைத்திருந்த மக்கானல் குடும்பம், பணத்தை வேறெதிலாவது போடலாம் என்று யோசித்து, டொவினுக்கு மேலே மலையில் இருந்த பிரின் எக்லுயிஸ் சிலேட்டுக் குவாரியை எடுத்தது. பிரிட்டனில் வீட்டுக் கூரைக்கெல்லாம் சிலேட்டு வேய்ந்த காலம் அது. வெட்டிய கல்லைக் கீழே கொண்டுவர 1865இல் போட்ட பாதைதான் டாலிலின் ரயில். அடுத்த ஆண்டே பயணிகளும் ஏறினார்கள்.

பயணிகளை ஏற்ற அரசின் அனுமதி வேண்டும். 1866இல் சோதனைக்கு வந்த ரயில்வே ஆய்வாளர் கேப்டன் டைலர், வந்த வேகத்தில் கோளாறுகளைக் கண்டுபிடித்தார். பாதைக்கு மேலே செல்லும் சாலைப் பாலங்கள் மிகக் குறுகலாகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றுக்கு அடியில் பெட்டி நின்றுவிட்டால், கதவைத் திறந்து இறங்க இரண்டு பக்கமும் இடம் போதாது. பாலங்களை இடித்துக் கட்டக் கம்பெனியிடம் பணம் இல்லை. கடைசியில் பாலத்துக்கு அடியில் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டார்கள். இடம் குறைந்த பக்கத்தில் பெட்டிகளின் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். 150 ஆண்டுகள் கடந்தும் அந்த ஏற்பாடு மாறவில்லை. டாலிலின் பெட்டிகளில் இன்றும் ஒரு பக்கம்தான் ஏறி இறங்க முடியும்.

எஞ்சின்களையும் டைலர் விடவில்லை. வைட்ஹேவன் நகரத்து ஃபிளெட்சர் ஜென்னிங்ஸ் கம்பெனி இரண்டு எஞ்சின்கள் செய்து கொடுத்திருந்தது. 1864இல் செய்த ‘டாலிலின்’ மேலும் கீழுமாகக் குதித்தது. 1866இல் செய்த ‘டோல்கோக்’ பக்கவாட்டில் ஆடியது. முதலாவதன் பின்பக்கம் கூடுதலாக ஒரு ஜோடிச் சக்கரம் சேர்த்த பிறகு குதிப்பு அடங்கியது. பழங்காலத்து எஞ்சின் என்றால் அப்பழுக்கில்லாத வேலைப்பாடு என்று நினைப்பவர்கள் உண்டு. ஓட்டிப் பார்த்து, தவறு கண்டு, திருத்தி, மறுபடி ஓட்டி உருவானவை அவை. மீட்டெடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எஞ்சினைப் பிரிக்கும்போது பழைய திருத்தங்கள் ஒன்றொன்றாகக் கைக்குத் தட்டுப்படும்.

சிலேட்டு வியாபாரம் மெல்லப் படுத்தது. 1911இல் உள்ளூர் லிபரல் கட்சி எம்.பி. ஹெய்டன் ஜோன்ஸ் குவாரியையும் ரயிலையும் வாங்கினார். ஊர்க்காரர்களின் பிழைப்பைப் பற்றி நினைத்த மனிதர். லாபம் வராத காலத்திலும் ஓட்டினார். 1946 இறுதியில் குவாரிக்குள் சரிவு ஏற்பட்டு வேலை அடியோடு நின்றபோதும், தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்றார், சொன்னபடியே ஓட்டினார். 1948இல் அரசுடைமையாக்கிய ரயில்வேக்களின் பட்டியலில் இந்தப் பாதையின் பெயரே இடம்பெறவில்லை. அந்த விடுபடல் பெரிய புண்ணியமாகப் போயிற்று. பட்டியலில் இருந்திருந்தால் காரிஸுக்கு நேர்ந்த கதிதான் இதற்கும் நேர்ந்திருக்கும்.

1950 ஜூலையில் ஹெய்டன் ஜோன்ஸ் இறந்தார். அந்த அக்டோபர் 11 அன்று பிர்மிங்காமில் ஒரு ஹோட்டலில் எழுபது பேரளவில் கூடினார்கள். கூட்டியவர் டாம் ரோல்ட். பொறியாளர், எழுத்தாளர், பிரிட்டனின் பழைய கால்வாய்களைக் காப்பதற்கான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். சம்பளம் வாங்காமல் ரயில் ஓட்டப்போகிறோம் என்று அவர் சொன்னபோது அதற்கு உலகில் எங்குமே முன்மாதிரி கிடையாது. ரயில் ஓட்டுவது என்றால் பாய்லர் வெடிக்கலாம், பெட்டி கவிழலாம், ஆள் சாகலாம். பொழுதுபோக்குக்காரர்களிடம் அதை ஒப்படைப்பதா என்று பலர் நினைத்ததில் நியாயம் இருந்தது. ஜோன்ஸின் மனைவி நம்பி ஒப்படைத்தார். டாலிலினைக் காக்க அவர்கள் அமைத்த சங்கத்தின் முதல் ரயில் 1951 மே 14 அன்று டொவினிலிருந்து ரிடரோனன் நிலையம் வரை போய்த் திரும்பியது. இழுத்தது, ஓடக்கூடிய நிலையில் மிஞ்சியிருந்த ஒரே எஞ்சினான டோல்கோக். 85 வயது அதற்கு.

முதல் இரண்டு ஆண்டுகளும் ரோல்ட் மேலாளராக இருந்தார். பாதையின் நிலைமை அப்போது பரிதாபம். பல இடங்களில் 1865இல் போட்ட அதே இரும்புத் தண்டவாளம். அடிக்கட்டைகள் மக்கிப் போயிருந்தன. தண்டவாளங்கள் விலகாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் புல்லுக்கும் மண்ணுக்கும் பெரும்பங்கு. இந்த நிலையில்தான் 25 பவுண்டு எஞ்சின்களில் ஒன்றான சர் ஹெய்டனைத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். ஏற்றிய கையோடு அது கீழே இறங்கியது. தூக்கி வைத்தால் மறுபடியும் இறங்கியது.

பாதை பாழடைந்ததால்தான் இப்படி என்று முதலில் நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது வேறொன்று தெரியவந்தது. பாதையின் அகலமே அரை அங்குலம் அளவுக்குக் கூடுதல். பழைய கம்பெனி தெரிந்தேதான் அப்படிப் போட்டிருந்தது. டோல்கோக்கின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தூரம் அதிகம். வளைவுகளில் அது நெருக்கிக்கொள்ளாமல் திரும்பத் தண்டவாளத்தைக் கொஞ்சம் விலக்கிப் போட்டுவிட்டார்கள். டாலிலின், டோல்கோக் இரண்டுக்கும் சக்கரப் பட்டை அகலமானது, ஆகவே சமாளித்தன. காரிஸ் பாதையிலிருந்து வந்த சர் ஹெய்டனுக்குப் பட்டை குறுகல். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பொத்தென்று விழுந்தது. புதியவர்களுக்குத் தெரியாமல், பழைய ஆட்களின் பழக்கமாக இருந்த ஒரு விஷயத்தை இந்த எஞ்சின் விழுந்து விழுந்து வெளியே கொண்டுவந்தது. பாதையைக் கெஜம் கெஜமாகச் சரியான அகலத்துக்கு மாற்றிப் போட்ட பிறகே சர் ஹெய்டனுக்கு நிம்மதி கிடைத்தது.

மற்றொன்றான எட்வர்ட் தாமஸுக்கு அதிர்ஷ்டம் வேறு விதமாக அமைந்தது. அதைச் செய்த கெர் ஸ்டூவர்ட் கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. அதன் வரைபடங்கள் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் கம்பெனிக்குப் போயிருந்தன. ஹன்ஸ்லெட்டின் தலைவர் ஜான் ஆல்காக் இந்தச் சங்கத்தில் உறுப்பினர். காசு வாங்காமலே எஞ்சினைப் புதுப்பித்துத் தந்தார். தன்னார்வலர்கள் நடத்தும் எந்த ரயிலுக்குப் பின்னாலும் இப்படி ஓர் ஆலை முதலாளியோ, வார்ப்படப் பட்டறைக்காரரோ இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்து துருவைச் சுரண்டும் ஐம்பது பேர் தேவை. பாய்லர் தகட்டை வளைக்கும் எந்திரம் வைத்திருக்கும் ஒருவரும் தேவை.

தாமஸ் என்ற நீல நிற ரயில் எஞ்சினைக் கார்ட்டூனில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தமிழ் வீடுகளிலும் ஏராளம். அந்தக் கதைகளை எழுதிய பாதிரியார் வில்பர்ட் ஆட்ரி, 1952இல் டாலிலின் ரயிலுக்குக் கார்டாக வேலை செய்ய வந்தார். ஒரு நாள் சிற்றுண்டி விற்கும் பெண்மணி ஏறுவதற்கு முன்பே ஆட்ரி கொடி காட்டிவிட்டார். ரயில் அந்தப் பெண்மணியை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. 1955இல் வந்த அவருடைய ‘நான்கு குட்டி எஞ்சின்கள்’ புத்தகத்தில் அந்தச் சம்பவம் ஒரு கதை. புத்தகத்தில் வரும் ஸ்கார்லோயி நிஜத்தில் டாலிலின். ரெனியஸ் நிஜத்தில் டோல்கோக். சர் ஹேண்டல் நம் சர் ஹெய்டன். பீட்டர் சாம் எட்வர்ட் தாமஸ். சர் ஹேண்டலுக்கு அகலமான சக்கரம் மாட்டும் கதை ஒன்று பின்னால் வந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே விழுந்த கதை தெரிந்தவர்களுக்கு அதன் மூலம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. பீட்டர் சாமுக்கு விசித்திரமான புகைபோக்கி கிடைக்கும் கதைக்கும் ஆதாரம் உண்டு. ஆஸ்திரியப் பொறியாளர் கீஸ்ல் வடிவமைத்த, பக்கவாட்டில் தட்டையான புகைபோக்கியை 1958இல் எட்வர்ட் தாமஸில் பொருத்திப் பார்த்திருந்தார்கள்.

ஆட்ரி 1997இல் காலமான பிறகு அவர் எழுதிய அறையை அப்படியே டொவின் அருங்காட்சியகத்துக்குள் அமைத்திருக்கிறார்கள். தாமஸைத் தேடி வரும் குழந்தைகள் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

அருங்காட்சியகம் தொடங்கியது 1950களின் நடுவில். பிரிட்டன் முழுவதும் தொழிற்சாலைகளிலும் குவாரிகளிலும் இருந்த குறும்பாதைகளை லாரி விழுங்கிக்கொண்டிருந்த நேரம். எஞ்சின்கள் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருந்தன. ‘இதை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா?’ என்று முதலில் கொடுத்தவர்களில் டப்ளின் நகரத்து கின்னஸ் பீர் ஆலையும் உண்டு. வாங்கி வைக்க இடம்? டொவின் வார்ஃபில் குவாரிக்கான வெடிமருந்து வைத்திருந்த பழைய கட்டடம் இருந்தது. அருங்காட்சியகம் அங்கே தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 2005இல் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அப்போது இளவரசராக இருந்த சார்லஸ்.

கின்னஸ் எஞ்சினிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 22 அங்குல அகலப் பாதையில், ஆலைக்குள் பீப்பாய்களை இழுத்த எஞ்சின் அது. சாதாரணமாக நீராவி எஞ்சினின் சிலிண்டர்கள் கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பீர் ஆலையின் தரையில் எப்போதும் ஈரம், சேறு, குப்பை. கீழே சிலிண்டர் இருந்தால் எல்லாம் அதற்குள் போகும். ஆகவே ஆலையின் பொறியாளர் சாமுவேல் கேகன், சிலிண்டர்களைத் தூக்கிப் பாய்லருக்கு மேலே வைத்துவிட்டார். அங்கிருந்து நெம்புதண்டுகள் கீழே இறங்கிச் சக்கரத்தைச் சுற்றும். ஆலையை ஒட்டிய பெரிய ரயில் பாதையிலும் வண்டி இழுக்க வேண்டியிருந்தது. அதற்கும் வழி கண்டார். இந்தச் சின்ன எஞ்சினைப் பாரந்தூக்கியால் தூக்கி, அகலப் பாதைக்கான ஒரு சக்கர வண்டிக்குள் இறக்கிவிடுவார்கள். எஞ்சினின் சக்கரம் சுழலச் சுழல, வண்டியின் பெரிய சக்கரங்கள் உருளும். ஒரே எஞ்சின் இரண்டு அகலத்திலும் வேலை செய்யும். ஆர அமர நின்று பார்த்தால், ஒரு தொழிற்சாலையின் அன்றாடத் தொல்லைகள் முழுவதும் அந்த எஞ்சினின் வடிவத்தில் படிந்திருப்பது தெரியும்.

பக்கத்தில் ‘ஜார்ஜ் ஹென்றி’. 1877இல் கேனார்வனில் டி விண்டன் கம்பெனி செய்தது. இதன் பாய்லர் படுத்திருக்காது. பீப்பாய் மாதிரி நிமிர்ந்து நிற்கும். பென்ரின் சிலேட்டுக் குவாரியின் குறுகிய திட்டுகளில் நீளமான எஞ்சின் திரும்ப முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. அடுத்து, பேயர் பீக்காக் கம்பெனி 1887இல் செய்த ‘டாட்’. நம் வங்காள நாக்பூர் ரயில்வேக்கு ‘காரட்’ வகை ராட்சத எஞ்சின்களை அனுப்பிய அதே கம்பெனி, தன் ஆலைக்குள் சாமான் இழுக்க 18 அங்குலப் பாதையில் ஓட்டிய குட்டி எஞ்சின் இது. தினோர்விக் குவாரியில் உழைத்த ‘ரஃப் பப்’ 1891ஆம் ஆண்டின் ஹன்ஸ்லெட் வேலை.

இவையெல்லாம் இனி ஓடாது. ஓடவைக்கக் கூடாது என்பதே சரி. காரணத்தை அறிய டோல்கோக்கைப் பார்க்க வேண்டும்.

1951இல் தனியாளாக அத்தனை ரயிலையும் இழுத்த டோல்கோக் விரைவிலேயே களைத்துப்போய், முழுவதுமாகப் பிரிக்கப்பட்டு, 1960களின் தொடக்கத்தில்தான் மீண்டும் வெளியே வந்தது. அதன் பாய்லர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறிவிட்டது. ஓடும் எஞ்சினுக்கு இது தவிர்க்க முடியாத கதி. பிரிட்டனில் இப்படிப்பட்ட எஞ்சின்களின் பாய்லரைப் பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சோதிப்பார்கள். உள்ளே நெருப்பும் புகையும் போகும் குழாய்களையெல்லாம் உருவி எடுப்பார்கள். தகடு எங்கே மெலிந்திருக்கிறது, நெருப்பறைச் சுவரைப் பிடித்திருக்கும் கம்பிகளில் எது அறுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். புதுக் குழாய் அடித்ததும் முதலில் வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். தண்ணீர் பீறிட்டால் சட்டைதான் நனையும். நீராவி பீறிட்டால் உயிர் போகும். அதற்குப் பிறகே நெருப்பு மூட்டுவார்கள். இப்படி ஒவ்வொரு சுற்றிலும் 1866ஆம் ஆண்டின் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

ஜார்ஜ் ஹென்றியிலும் டாட்டிலும் அந்தக் காலத்து ஆணியின் தலை, அந்தக் காலத்துக் கொல்லன் தட்டிய தடம் மிஞ்சியிருக்கிறது. ஓடவிட்டால் அது போய்விடும். மறுபுறம், எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் பயர்மேனின் வேலையை யாரும் கற்க முடியாது. மண்வாரியில் எவ்வளவு கரி, எந்த ஏற்றத்துக்கு முன்னால் போட வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. டாலிலினில் இளைஞர்கள் எஞ்சின் துடைப்பதில் தொடங்கி, பயர்மேனாகி, டிரைவராகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அவர்களுக்குச் சொல்லித் தருபவர்களும் அப்படி வந்தவர்களே. தொடக்க காலத்தில் சொல்லித் தந்தவர்கள் ஹெய்டன் ஜோன்ஸிடம் சம்பளம் வாங்கிய உள்ளூர்க் குடும்பத்தினர். வெளியூரிலிருந்து ஆர்வத்தோடு வந்தவர்களைப் பற்றியே பலரும் எழுதுகிறார்கள். இந்த உள்ளூர் ஆட்கள் இல்லாவிட்டால் 1951இல் அந்த எஞ்சினுக்கு யார் உயிர் கொடுத்திருப்பார்கள்?

மீட்டெடுத்த பெட்டிகளில் மிகவும் பிடித்துப்போகக்கூடியது 17ஆம் எண். 1898இல் காரிஸ் ரயிலுக்காகச் செய்தது. 1930 முடிவில் காரிஸில் பயணிகள் சேவை நின்றதும் விற்றுவிட்டார்கள். அடுத்த இருபத்தேழு, இருபத்தெட்டு ஆண்டுகள் அது ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடந்தது. 1958இல் தேடிப் பிடித்து எடுத்துவந்து, உளுத்த மரத்தை வெட்டி, நல்ல மரத்தைக் காப்பாற்றி, 1961இல் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். தோட்டத்தில் கிடந்ததும் ஒரு வகையில் நல்லதாயிற்று. யாராவது ஓய்வெடுக்கவோ கோழி அடைக்கவோ பயன்படுத்தும்வரை கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வார்கள். கூரை காத்ததால் சட்டகம் பிழைத்தது. 1935இல் மூடிய கிளின் பள்ளத்தாக்கு டிராம் பாதையின் இரண்டு பெட்டிகளும் இப்படிப் பிழைத்து டாலிலினுக்கு வந்தவையே.

சில சமயம் மீட்பது என்பது கிட்டத்தட்டப் புதிதாகச் செய்வது. அயர்லாந்தின் கரி நிலத்தில் 3 அடிப் பாதையில், மண்ணிலிருந்து வெட்டிய புற்கரியை எரித்து ஓட 1949இல் ஓர் எஞ்சின் செய்தார்கள். டாலிலின்காரர்கள் 1969இல் அதை வாங்கினார்கள். அப்படியே ஓட்ட முடியாது. அகலம் வேறு, எரிபொருள் வேறு. தங்கள் பென்ட்ரே பட்டறையில் அதன் பாகங்களைக் கொண்டு வேறோர் எஞ்சினாகவே உருவாக்கினார்கள். வேலை முடிய 1991 ஆயிற்று. இடையில் 1974இல் ரோல்ட் காலமாகியிருந்தார். எஞ்சினுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

2021 ஜூலையில் யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் பிரின் எக்லுயிஸ் குவாரியும் குவாரியை ஒட்டிய அபர்கனோல்வின் ஊரும் டாலிலின் ரயிலும் ஒன்றாக இடம்பெற்றிருக்கின்றன. அந்தச் சேர்க்கை பொருத்தமானது. குவாரியைத் தனியாக, ரயிலைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும்.

மூடிப்போன காரிஸும் அத்தோடு முடிந்துவிடவில்லை. 1966இல் அதற்கொரு சங்கம் தொடங்கியது. 1970இல் பழைய நிலையத்தை ஒட்டிய குதிரை லாயத்தில் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. 2002இல் பயணிகள் ரயிலே ஓட ஆரம்பித்தது. பழைய எஞ்சின்கள் டொவினில் இருந்தன. திருப்பிக் கேட்பதற்குப் பதிலாகக் காரிஸ் தன்னார்வலர்கள் பணம் சேர்த்து, எட்வர்ட் தாமஸின் வடிவத்தை ஒட்டிப் புத்தம் புதிய நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்தார்கள். 2005இல் அது 7ஆம் எண் தாங்கிக் காரிஸ் பாதையில் வேலைக்கு வந்தது. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த மற்ற எஞ்சினான சர் ஹெய்டனின் பழைய வடிவத்திலும் இன்னொன்றைச் செய்ய அடுத்து இறங்கினார்கள்.